வினையா, ஊழா, கன்மமா, கர்மாவா?

இந்தியச் சமயங்களை அறிமுகப்படுத்தும் ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை சென்ற வருடம் கைக்கு வந்தது. மீமாம்சை, உபநிடதம், சமணம், பௌத்தம், சைவம், சீக்கியம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் நூல். 'கர்மா' என்ற சொல் இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் எல்லா இடத்திலும் கர்மா என்றே போட்டு அனுப்பினேன். மெய்ப்புத் திருத்துபவர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: "இதற்குத் தமிழே இல்லையா?"

இருக்கிறது, அதுவும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. வினை, ஊழ், விதி, கருமம், கன்மம் என்று ஐந்து சொல். கர்மாவையும் சேர்த்தால் ஆறு. முதலில் சோம்பேறித்தனமாக, கணினியில் ஒரே தட்டில் எல்லாக் கர்மாவையும் 'வினை' ஆக்கிப் பார்த்தேன். பத்துப் பக்கம் போவதற்குள் "வேதத்தின் வினைப் பகுதி" என்று ஒரு தொடர் வந்து நின்றது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து உரசிப் பார்க்க உட்கார்ந்தேன்.

உரசிப் பார்க்க ஒரு வழி வைத்துக்கொண்டேன். அகராதி சொல்லும் பொருளை ஒதுக்கிவிட்டு, அந்தச் சொல்லோடு தமிழில் என்ன வினைச்சொல் சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது. வினை செய்கிறோம், கருமம் ஆற்றுகிறோம். ஊழை யாரும் செய்வதில்லை. அது வருகிறது, ஊட்டுகிறது, முந்துகிறது. விதி எழுதுகிறது, விளையாடுகிறது, சதி செய்கிறது. கர்மாவோ இப்போதெல்லாம் திருப்பி அடிக்கிறது. இதைக் கவனித்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

விதியை முதலிலேயே தள்ளிவிட்டேன். வேதச் சடங்குகளை ஆராயும் தத்துவப் பிரிவான மீமாம்சையில் விதி என்றால் 'இதைச் செய்க' என்று வேதம் இடும் கட்டளை. அதே அத்தியாயத்தில் கர்மத்துக்கும் விதி என்று போட்டால் குழப்பம்தான். ஆனால் பெரிய காரணம் அது இல்லை. புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்திலேயே மக்கலி கோசாலர் என்பவர் ஆசீவகத்தைப் போதித்துக்கொண்டிருந்தார். மனித முயற்சியால் எதுவும் ஆகாது, எல்லாம் நியதி என்பது அவர் கொள்கை. பாலி மொழிப் பௌத்த நூலான தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தத்தில் (சூத்திரத்தில்) அதற்கு ஓர் உவமை வருகிறது. நூல் உருண்டையை வீசினால் நூல் தீரும்வரை அது உருண்டுகொண்டே அவிழும். அதுபோல மூடனும் அறிஞனும் குறித்த அளவு பிறவிகளில் உழன்ற பிறகுதான் துன்பம் தீரும். புத்தர் இந்தக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். சமணர்களும் எதிர்த்தார்கள், தமிழ்ச் சமணக் காப்பியமான நீலகேசியில் ஆசீவகத்தோடு வாதிடுவதற்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. நாம் கர்மாவை 'விதி' என்று மொழிபெயர்த்தால் கோசாலரின் எதிராளிகள் இருவரையும் அவருடைய அணியிலேயே சேர்த்துவிடுகிறோம். "எல்லாம் என் கர்மா" என்று பெருமூச்சு விடுகிறவரும், பாவம், தெரியாமல் ஆசீவகம்தான் பேசுகிறார்.

கர்மா என்ற வடிவமே புதிது. வடமொழியில் 'கர்மன்'. தமிழுக்கு வரும்போது அது கருமம், கன்மம் என்றுதான் வந்தது, ஜன்மன் சன்மம் ஆனதுபோல. நெடிலில் முடியும் 'கர்மா' ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்தது. யோகம் யோகா ஆன அதே வழி. கூடவே பொருளும் மாறிவிட்டது. நம்மை இடித்துவிட்டு முந்திப் போன பைக் ஓட்டி அடுத்த சிக்னலில் போலீஸிடம் மாட்டினால் 'கர்மா' என்கிறோம். உடனடி, இந்தப் பிறவியிலேயே, அதுவும் நம் கண் முன்னாலேயே. எந்த இந்தியச் சமயமும் இத்தனை வேகமான சேவைக்கு உத்தரவாதம் தந்ததில்லை. இன்றைய பேச்சை அப்படியே காட்ட வேண்டிய இடத்தில் கர்மாவை விட்டுவைத்தேன். மற்ற இடங்களில் எடுத்தேன்.

கருமம் விஷயத்தில்தான் மெய்ப்புத் திருத்துபவரோடு உண்மையான வாக்குவாதம் நடந்தது. நான் மதுரைப் பக்கம். எங்கள் ஊரில் ஊசிப்போன குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்வது, "கருமம்!" இறந்தவருக்குச் செய்வது கருமாதி. இந்தச் சொல்லை ஒரு தத்துவ நூலில் எப்படிப் போடுவது? அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். தொலைபேசியில் சிரித்தார். "தம்பி, கருமத்திலை என்ன பிழை? வங்கியிலை கருமபீடத்துக்குப் போய்த்தானே நாங்கள் காசு எடுக்கிறனாங்கள்?" உண்மைதான். இலங்கையில் கருமபீடம் என்றால் கவுண்டர். அங்கே அரசகரும மொழிகள் திணைக்களம் என்றே ஒரு திணைக்களம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் அலுவலகத்தில் கௌரவமாக உட்கார்ந்திருக்கும் சொல் இந்தப் பக்கம் குழம்புச் சட்டியில் கிடக்கிறது.

வள்ளுவரும் அவர் பக்கம்தான். "எண்ணித் துணிக கருமம்" என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். "தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்றும் சொல்கிறார். இரண்டிலும் கருமம் என்றால் செயல்தான், முற்பிறப்பு, மறுபிறப்பு எதுவும் அதில் ஒட்டவில்லை. மெய்ப்புத் திருத்துபவரிடம் தோற்றுப்போன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. வேதத்தில் கர்மம் என்றால் முதன்மையாகச் சடங்கு. 'செய்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். எல்லாச் செய்கையிலும் உயர்ந்த செய்கை வேள்வி. சடங்கு என்ற அந்த மிகப் பழைய பொருள் தமிழில் எங்கே உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால், நான் அருவருத்து ஒதுக்கிய கருமாதியில்தான். அதே வேரிலிருந்து வந்த 'காரியம்' என்ற சொல்லும் பதினாறாம் நாளில் அதே பொருளில்தான் வருகிறது.

ஆகவே மீமாம்சை அத்தியாயத்துக்குக் கருமம் என்று முடிவு செய்தேன். 'வினைப் பகுதி' கருமகாண்டம், அதாவது வேதத்தின் சடங்குப் பகுதி, ஆனது, வாக்கியம் நிமிர்ந்து நின்றது. மீமாம்சை நூலாசிரியர் ஜைமினியின் மரபினரின் கவலை வேறு மாதிரியானது. சொர்க்கம் வேண்டுபவன் வேள்வி செய்ய வேண்டும் என்கிறது வேதம். வேள்வி இன்று முடிகிறது, தீ அணைகிறது. செய்தவன் சொர்க்கம் போவது என்றோ ஒரு நாள், செத்த பிறகு. நடுவில் உள்ள இடைவெளியை எது நிரப்புகிறது? 'அபூர்வம்' என்றார்கள், கருமத்திலிருந்து பிறந்து பலன் வரும்வரை கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கும் ஓர் ஆற்றல். பலனை எடுத்துக் கொடுக்கக் கடவுள் ஒருவர் வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

உபநிடதத்தில் காற்று மாறுகிறது. பிருகதாரண்யகத்தில் ஆர்த்தபாகன் யாக்ஞவல்கியரிடம் கேட்கிறான்: இறந்தவனின் பேச்சு தீயில் கலக்கிறது, மூச்சு காற்றில், கண் சூரியனில், அப்போது அந்த ஆள் எங்கே இருக்கிறான்? சபை நிறைய ஆட்கள். யாக்ஞவல்கியர் அங்கே பதில் சொல்லவில்லை. "கையைக் கொடு, அப்பா. இது நாம் இருவர் மட்டும் அறிய வேண்டியது, கூட்டத்தில் பேசுவதல்ல" என்று அவனை வெளியே அழைத்துப் போகிறார். அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றித்தான். நல்லது செய்து நல்லவனாகிறான், தீயது செய்து தீயவனாகிறான் என்று அந்தப் பகுதி முடிகிறது. சபையில் சொல்லத் தயங்கிய அளவுக்கு அது அன்று புதிய பேச்சாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இடத்தில் கருமம் என்று போட்டால் வேள்விப் புகை திரும்ப வந்துவிடும். நல்வினை, தீவினை என்று எழுதினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

வினையின் பலம் அதுதான். தமிழில் இத்தனை தூரம் பயணம் செய்த சொல் குறைவு. "வினையே ஆடவர்க்கு உயிரே" என்று குறுந்தொகையில் வரும்போது பிரிந்து போய்ச் செய்யும் வேலை. குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம் என்றால் அரசியல் செயல். அதே குறளில் "இருள்சேர் இருவினையும்" என்றால் பிறவியோடு வரும் கணக்கு. இலக்கணத்தில் வினைச்சொல். செய்வினை என்ற ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழாசிரியருக்கு அது செயப்பாட்டுவினைக்கு எதிர். தேவாரத்தில் முன் செய்த வினை. தெருவில், யாரோ எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தி வாசலில் போட்டுவிட்டுப் போனது. இத்தனை பொருளையும் சுமக்கும் சொல்லைப் பயன்படுத்துவதில் ஆபத்தும் இருக்கிறது. சமணத்தில் அது தெரிந்தது.

சமணத்தில் கர்மம் ஒரு பொருள். உவமைக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே நுண்ணிய சடத் துகள். மனமும் சொல்லும் உடலும் அசையும்போது அந்தத் துகள்கள் உயிரை நோக்கி வருகின்றன. கோபமும் ஆசையும் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு உள்ள துணியில் தூசி படிவதுபோல ஒட்டிக்கொள்கின்றன. அதில் எட்டு வகை. அறிவை மறைப்பது ஒன்று, ஆயுளை முடிவு செய்வது ஒன்று, உடலை அமைப்பது ஒன்று, எந்தக் குடியில் பிறப்பது என்று தீர்மானிப்பது ஒன்று, இப்படி. புதிதாக வருவதைத் தடுக்க வேண்டும், ஏற்கெனவே ஒட்டியதைத் தவத்தால் உதிர்க்க வேண்டும். வினை என்று மட்டும் எழுதினால் வாசகர் 'செயல்' என்றே புரிந்துகொள்வார். செயல் எப்படி ஒட்டும், எப்படி உதிரும்? ஆனாலும் தமிழ்ச் சமணர்களே வினை என்றுதான் எழுதினார்கள் என்பதால் அதைத் தள்ள மனம் வரவில்லை. சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரில் 'பழவினை' என்றே ஓர் அதிகாரம். பல பசுக்களுக்கு நடுவே விட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடிப் பிடிக்கும், பழவினையும் செய்தவனை அப்படித் தேடி வரும் என்று அது தொடங்குகிறது. நான் முதல் இரண்டு பக்கங்களில் 'வினைத்துகள்' என்று எழுதிப் பழக்கிவிட்டு, அப்புறம் வினை என்று குறைத்துக்கொண்டேன். கொஞ்சம் தந்திரம்தான், ஆனால் வேலை செய்தது.

பௌத்தத்தில் எதிர்த்திசையில் சிக்கல். "எண்ணத்தையே நான் கம்மம் (கர்மத்தின் பாலி வடிவம்) என்கிறேன்" என்று அங்குத்தர நிகாயத்தில் புத்தர் சொல்கிறார். மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் நாளந்தாவில் ஒரு வாதம் நடக்கிறது. நிகண்டர் தரப்பினர், அதாவது சமணர்கள், தீமையில் பெரியது உடலால் செய்வதுதான் என்கிறார்கள். புத்தர் மனத்தால் செய்வதுதான் என்கிறார். தமிழில் வினை என்றாலே கைகால் அசைவதுதான் முதலில் தோன்றும், எண்ணத்தை வினை என்றால் ஏற்குமா? வேறு சொல் தேடி ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் மணிமேகலையைத் திறந்தால் தீர்வு அங்கே தயாராகக் கிடந்தது. தீவினை பத்து என்று கணக்கிடுகிறது அது. உடலில் மூன்று, சொல்லில் நான்கு, உள்ளத்தில் மூன்று. அந்தக் கடைசி மூன்று வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி. பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதும், சினப்பதும், தவறான பார்வையும். இவற்றில் கை எதையும் தொடவில்லை. ஆனாலும் வினைதான். சாத்தனார் முடித்துவைத்த வழக்கை நான் மறுபடி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியானால் ஊழை எங்கே வைப்பது? எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான், அதனாலேயே அதிகம் எச்சரிக்கையாக இருந்தேன். ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், பழுத்தல். குறளில் "இணர்ஊழ்த்தும் நாறா மலர்" என்றால் கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ. பாலியில் வினையின் விளைவுக்கு 'விபாகம்' என்று பெயர், அதற்கும் நேர்ப்பொருள் பழுத்தல். இரண்டு மொழிகளும் ஒரே தோட்டத்தைப் பார்த்துச் சொல் எடுத்த மாதிரி இருக்கிறது. ஆக, ஊழ் என்பது விதைப்பில் இல்லை, பழத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரப் பதிகம் "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லி, பழுத்த வினை என்று தெளிவாக்கிவிடுகிறது.

ஆனால் பரிமேலழகர் ஊழ் அதிகாரத்தின் முகப்பில் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி எல்லாம் ஒரே பொருள் என்று எழுதிவைத்தார். அதன் பிறகு ஊழ் என்றாலே விதி என்று தமிழர் காதில் பதிந்துவிட்டது. "ஊழிற் பெருவலி யாவுள" என்ற குறளும் அதற்குத் துணை. அதே வள்ளுவர் ஆள்வினையுடைமையில் தளராமல் முயல்கிறவர்கள் ஊழையும் புறமுதுகிட வைப்பார்கள் என்று சொல்வதை அவ்வளவாக யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பௌத்த அத்தியாயத்தில் ஊழைப் போட்டால் இந்தச் சுமை மொத்தமும் கூடவே வரும். சீவகன் என்ற துறவி புத்தரிடம், மனிதன் படும் இன்பதுன்பமெல்லாம் பழைய வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்க, அவர் மறுக்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குவது என்று ஏழு காரணம் சொல்லி எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொல்கிறார். வயிற்றுவலிக்கு முற்பிறப்பைக் குறை சொல்லாதே என்கிறவரின் வாயில் 'ஊழ்' என்ற சொல்லை எப்படி வைப்பது? விபாகம் வரும் இடத்தில் 'வினைப்பயன்' என்று போட்டேன். ஊழை வள்ளுவருக்கும் இளங்கோவுக்கும் விட்டுக்கொடுத்தேன், வருத்தத்தோடுதான்.

கீதை குறித்து அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே பெரும்பாலும் 'செயல்'. "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று காலண்டரில் அச்சாகும் வரி மூலத்தைவிடக் குறுகலானது. மூலத்தில் கர்மம் என்றே இருக்கிறது, அதைக் கடமை என்பது உரைகாரரின் முடிவு.

சைவத்துக்கு வந்தால் கன்மம். இங்கே தேர்வே இல்லை, மரபின் சொந்தச் சொல் அது. ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைப் பிணிக்கும் மும்மலத்தில் நடுவில் நிற்பது. குவித்து வைத்தது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இனி ஏறுவது ஆகாமியம். களஞ்சியத்து நெல், இலையில் விழுந்த சோறு, வயலில் இப்போது விதைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மீமாம்சகர் கடவுள் வேண்டாம் என்ற இடத்தில் சைவர் மறுக்கிறார்கள். கன்மம் அறிவில்லாத சடம், தானாக எழுந்து உரியவரைத் தேடிப் போகாது, சிவன்தான் கூட்டுவிக்க வேண்டும். நாலடியாரின் கன்றுக்குட்டியை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் சண்டை எங்கே என்று நன்றாகத் தெரியும். கன்று தானே போகிறதா, யாராவது கயிற்றைப் பிடித்துக் கொண்டுபோய் விடுகிறார்களா? விடுதலைக்கு நல்வினையைக் கூட்டினால் போதாது. நல்வினையும் தீவினையும் ஒன்றே என்று தோன்றும் இருவினையொப்பு வர வேண்டும். பொன் விலங்கும் விலங்குதானே.

ஆனால் சாத்திரத்தை விட்டுப் பாட்டுக்குப் போனால் சைவர்களும் வினை என்றே பாடுகிறார்கள். கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டபோது சம்பந்தர் பாடியதாகச் சொல்லும் பதிகம்:

அவ்வினைக்கு இவ்வினையாம் என்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே
கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும் நாமடியோம்
செய்வினை வந்து எமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்

நான்கு வரியில் ஐந்து வினை. முன் செய்தது, அதனால் இன்று வந்தது, தப்பிக்கும் வழி, கையால் செய்யும் தொண்டு, மறுபடி பழையது. உடம்பு நடுங்கிக்கொண்டு "எல்லாம் பழைய வினை" என்று படுத்திருப்பவர்களிடம், அது தெரிந்தும் வழி தேடாமல் கிடப்பது குறையில்லையா என்று அதே சொல்லாலேயே கேட்கிறார். இந்த ஐந்து இடத்தில் ஏதாவது ஒன்றில் கர்மா என்று போட்டுப் பாருங்கள், பாட்டு படுத்துவிடும். இதைப் படித்த அன்றுதான் நூல் முழுவதற்கும் அடிப்படைச் சொல் வினை என்று முடிவானது. மீமாம்சையில் கருமம், சைவ சாத்திரத்தில் கன்மம், கீதையில் செயல் என்பவை விலக்குகள். அவற்றின் முதல் பயன்பாட்டில் மட்டும் பக்கத்தில் வினை என்று அடைப்புக்குறியில் காட்டினேன்.

மெய்ப்புத் திருத்துபவர் ஒத்துக்கொண்டார். ஓர் இடம் தவிர. சீக்கியரின் காலைத் தொழுகைப் பாட்டான ஜப்ஜி சாகிபின் நான்காம் பௌடியில் (பத்தியில்) குரு நானக் சொல்கிறார், 'கரம்' மூலம் உடல் என்னும் ஆடை கிடைக்கிறது, அருட்பார்வையால்தான் விடுதலையின் வாசல். இங்கே கரம் வினை, சந்தேகமில்லை. ஆனால் அதே பாட்டின் முடிவுப் பகுதியில் 'கரம் கண்ட்' என்று ஓர் ஆன்மிகப் படிநிலை வருகிறது. பஞ்சாபி எழுதும் குர்முகி லிபியில் அதே எழுத்து. அதைப் பலரும் அருளின் படிநிலை என்று கொள்கிறார்கள், ஏனென்றால் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த இன்னொரு 'கரம்' பஞ்சாபியில் இருக்கிறது, அதற்குக் கருணை என்று பொருள். ஒரே ஒலியில் வினையும் அருளும். எனக்கு 'அருள்' என்று போட ஆசை. "அப்பிடியெண்டால் வினை எங்கை போனது தம்பி?" என்கிறார் அவர். அந்த ஒரு சொல் மட்டும் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.